எந்த வேளைக்கு மாற்று? காரைக்குடி மருந்துப் பிரதிநிதி ஒருவரின் 11 வார 'பார்' உணவு: ஒரு நிகழ்வு ஆய்வு

இதை எழுத அந்த மருந்துப் பிரதிநிதி சம்மதம் கொடுத்திருக்கிறார். பெயரையும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் எடுத்துவிட்டேன். காரைக்குடியில் உணவு ஆலோசகராக என் முன்னால் வந்து உட்காருகிறவர்களில், "காலையில ஒரு பார் சாப்பிட்டுக்கிறேன், அது போதும்" என்று சொல்கிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். பார் என்று அவர்கள் சொல்வது, கடையில் உறையில் வரும் எனர்ஜி, புரோட்டீன் வில்லைகளை. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அதைச் சாப்பிடுவதால் எதைச் சாப்பிடாமல் விடுகிறீர்கள்?" என்பதைத்தான். இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்.

வந்தபோது இருந்த நிலை

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, அம்மாவோடு வந்தார். வயது 41. மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. வீடு காரைக்குடியில். தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல், வாரத்தில் ஒரு நாள் பொன்னமராவதி என்று பைக்கில் சுற்றி டாக்டர்களைப் பார்ப்பது வேலை. உயரம் 168 செ.மீ., எடை 85 கிலோ. இடுப்புச் சுற்றளவு 103 செ.மீ. நம் நாட்டு ஆண்களுக்கு அது 90-க்குள் இருப்பது நல்லது.

மார்ச் மாதம் எடுத்த பரிசோதனையில் மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 7.9 சதவீதம் என்று வந்து, டைப் 2 சர்க்கரை நோய் உறுதியாகியிருந்தது. டாக்டர் மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக்கொடுத்து, எடையையும் குறைக்கச் சொல்லியிருந்தார். அன்று எடை 86. எப்படிக் குறைப்பது என்பது அவர் கையில் விடப்பட்டது. மதுரையில் இருக்கும் சக பிரதிநிதி ஒருவர் பார் சாப்பிட்டு 7 கிலோ குறைத்ததாகச் சொல்ல, ஒரு வாரம் கழித்து இவரும் ஆரம்பித்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒன்று, மதியத்துக்குப் பதில் இன்னொன்று. நான்கு மணிக்குப் பசித்தால் பையில் மூன்றாவது ஒன்று.

முதல் 3 வாரத்தில் 3 கிலோ இறங்கியது. அப்புறம் நின்றது. பிறகு மெல்ல ஏறி, என்னிடம் வந்தபோது பழைய எடைக்கு ஒரு கிலோ குறைவாக நின்றது. மூன்று மாத சுகர் 7.8. கையிலிருந்து போன பணம் மாதம் 5,000 ரூபாயைத் தாண்டியது.

அவர் சொன்ன தொந்தரவுகள்: வயிறு உப்புசம், தினம் மூன்று நான்கு முறை இளகிய மலம், மாலை ஆறு மணிக்கு மேல் அடக்க முடியாத பசி. அவர் சொல்லாத ஒன்றை அவருடைய அம்மா சொன்னார். "ஆறு இட்லி சாப்பிடுறவன் ஒரு வில்லைய மென்னுட்டு வண்டிய எடுக்குறான் தாயி. ராத்திரி வரும்போது வாயில புரோட்டாக் கடை வாசம் வருது." மகன் தலையைக் குனிந்துகொண்டார். ஆச்சி, அதாவது அவருடைய அம்மா, கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார்.

மாத்திரை மேல் விழுந்த பழி

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான்காவது வாரத்திலிருந்து காலை மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும், இரவு மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் போட்டால் அதிகம் என்றும் சொன்னார். டாக்டருக்குத் தெரியாது. "மெட்ஃபார்மின்னா லூஸ் மோஷன் வரும்னு எனக்குத் தெரியாதா மேடம்? நாங்களே டாக்டர்கிட்ட பேசுற விஷயந்தானே."

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அவர் சொன்னதில் தவறு இல்லை. மெட்ஃபார்மின் தொடங்கும்போது பலருக்கு வயிறு இளகும். சாப்பாட்டோடு போட்டால், மெல்ல அளவைக் கூட்டினால், பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். ஆனால் அதே நாட்களில் அவர் உடம்புக்குள் இன்னொரு புதிய பொருளும் போய்க்கொண்டிருந்தது. மாத்திரையின் பக்கவிளைவு மனப்பாடமாகத் தெரிந்த மனிதருக்கு, பாரின் பக்கவிளைவைத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. சாப்பாட்டுப் பொருளைச் சந்தேகப்பட நமக்கு யாரும் சொல்லித்தருவதும் இல்லை.

உறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். மதியம் சாப்பிட்டது 60 கிராம் புரோட்டீன் பார். அதில் 15 கிராம் பாலியால், அதாவது மால்டிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இனிப்பாக இருக்கும், சிறுகுடலில் முழுசாக உறிஞ்சப்படாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும். அங்கே இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். உப்புசமும் இளகிய மலமும் அதன் நேரடி விளைவு. ஒரு பாரில் இருக்கும் 15 கிராமைப் பலருடைய வயிறு தாங்கிக்கொள்ளும். நான்கு மணிக்கு இன்னொன்றும் சாப்பிட்டு 30 கிராம் ஆகும் நாட்களில் தாங்காதவர்கள் நிறைய. பாலியால் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது மலத்தை இளக்கக்கூடும் என்று உறையில் அறிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த உறையிலும் இருந்தது. ஆங்கிலத்தில், மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

டாக்டரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். மறுநாளே போனார். டாக்டரோடு பேசி முடிவுசெய்தபடி, முதலில் பார்களை மட்டும் நிறுத்தினோம். மூன்றாம் நாள் வயிறு சரியானது. அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, 10 நாள் கழித்துக் காலையிலும் ஒன்று என்று திரும்பத் தொடங்கினார். இரண்டு நாள் லேசான உப்புசம் வந்து போனது, வேறொன்றும் இல்லை. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியில் மிச்சமிருந்த புரோட்டீன் பார் இரண்டை அவரே சோதனையாகச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நான் சொல்லிச் செய்தது அல்ல. இரவுக்குள் நான்கு முறை கழிவறைக்குப் போய்வந்தார். மாத்திரை மேல் இருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவருக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்பதால், சாப்பாடு குறைந்தபோது சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கவில்லை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் திடீரென்று இரண்டு வேளைச் சோற்றை நிறுத்தி 220 கலோரிப் பாரை வைத்தால், பைக்கில் போகும்போதே தாழ்சர்க்கரை வந்து விழலாம். டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றாமல் அப்படிச் செய்யவே கூடாது.

உறையின் பின்பக்கம்

காலையில் அவர் சாப்பிட்டது வேறு வகை. பேரீச்சம்பழமும் ஓட்ஸும் சேர்ந்த 50 கிராம் பார். முன்பக்கத்தில் 'வெள்ளைச் சர்க்கரை இல்லை' என்ற பொருளில் பெரிய எழுத்து. பின்பக்கத்தில் பேரீச்சம்பழக் கூழ், வெல்லம், தேன். ஆற்றல் 210 கிலோ கலோரி, புரதம் 5 கிராம், சர்க்கரை 15 கிராம், நார்ச்சத்து 3 கிராம். வெல்லமாக இருந்தாலும் தேனாக இருந்தாலும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். 15 கிராம் என்பது காபியில் மூன்று ஸ்பூன் சீனி போட்ட மாதிரி. காபியில் அரை ஸ்பூன் கூடப் போடாமல் கவனமாக இருந்த மனிதர் இவர்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மாற்று என்று சொல்ல ஒரு பொருளுக்கு என்ன தகுதி வேண்டும்? இதற்கு அளவுகோல் இருக்கிறது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு, எடை குறைப்புக்கான மாற்று உணவுகளுக்கு 1991-லேயே ஒரு தரத்தை வகுத்தது. ஒரு வேளைக்கு மாற்றாக வருவது 200 முதல் 400 கலோரிக்குள் இருக்க வேண்டும். அந்தக் கலோரியில் குறைந்தது கால் பங்கு புரதத்திலிருந்து வர வேண்டும். கொழுப்பிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் வரக் கூடாது. வைட்டமின்களும் தாதுக்களும் ஒரு வேளைக்குரிய பங்கு இருக்க வேண்டும்.

காலைப் பாரில் புரதத்திலிருந்து வருவது 20 கலோரி. மொத்தத்தில் 10 சதவீதம் கூட இல்லை. கலோரியில் மட்டும் அது உணவு. மற்ற எல்லாவற்றிலும் இனிப்புப் பலகாரம். மதியப் பார் பரவாயில்லை. 220 கலோரி, புரதம் 20 கிராம், கொழுப்பு 8 கிராம். புரத அளவில் தேறுகிறது, கொழுப்பில் கொஞ்சம் மிஞ்சுகிறது, வைட்டமின்கள் சேர்க்கப்படவில்லை. அதில் 7 கிராம் நார்ச்சத்து என்று போட்டிருந்தது. பொருள் பட்டியலைப் பார்த்தால் பெரும்பகுதி ஐசோமால்ட்டோ ஒலிகோசாக்கரைடு என்ற பாகு. அதில் ஒரு பங்கு செரித்துக் குளுக்கோஸாக மாறிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நார்ச்சத்து என்று ஏற்றுக்கொண்ட பட்டியலில் இந்தப் பாகு இல்லை. முருங்கைக்கீரையிலும் கொண்டைக்கடலையிலும் இருக்கும் நாரும் இதுவும் ஒன்றல்ல.

இரண்டு உறைகளிலுமே 'உணவு மாற்று' என்ற வார்த்தை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். காலைப் பாரில் 'எனர்ஜி', மதியப் பாரில் 'புரோட்டீன்'. வேளைச் சாப்பாட்டுக்கு மாற்று என்று முடிவுசெய்தது வாங்கியவர்தான். நான் பார்க்கும் பத்துப் பேரில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சாப்பாட்டுக்கு மாற்று என்ற எண்ணம் பரவலானது 1959-ல், அமெரிக்காவில் மீட் ஜான்சன் நிறுவனம் கொண்டுவந்த மெட்ரிகால் மூலம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாவு. நாளைக்கு நான்கு வேளை, மொத்தம் 900 கலோரி. கலோரியைக் கட்டுப்படுத்துவது மட்டுமே அதன் வேலை. பவர்பார் என்ற எனர்ஜி பார் பிறந்தது வேறு இடத்தில், வேறு தேவைக்கு. பிரையன் மேக்ஸ்வெல் என்ற கனடா நாட்டு மாரத்தான் ஓட்டக்காரர், ஓட்டத்தின் கடைசி மைல்களில் சக்தி தீர்ந்து துவண்ட அனுபவத்திலிருந்து 1986-ல் அதைத் தொடங்கினார். ஓடுகிற உடம்புக்கு உடனே சக்தி வேண்டும். சர்க்கரை இருப்பது அங்கே குறையல்ல, அதுதான் நோக்கம். ஒன்று கலோரியைக் குறைக்க வந்தது, மற்றது கூட்ட வந்தது. இன்று இரண்டு வம்சமும் ஒரே அளவு உறையில் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் மருந்துப் பிரதிநிதி நாற்காலியில் உட்கார்ந்து டாக்டருக்காகக் காத்திருக்கும் காலை நேரத்தில் சாப்பிட்டது, ஓட்டக்காரருக்கான வில்லை.

ஏன் இவ்வளவு பிரபலம்?

பத்து வருடத்துக்கு முன் காரைக்குடியில் இது ஜிம் பையன்கள் கையில் மட்டும் இருந்த பொருள். இப்போது மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க் கடை எல்லாவற்றிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்நாட்டு நிறுவனங்கள் வந்ததும் ஒரு காரணம். பெங்களூரில் இரண்டு சகோதரிகள் 2014-ல் தொடங்கிய யோகா பாரை வாங்க 2023-ல் ஐடிசி முன்வந்தது என்றால், இந்தச் சந்தையின் மேல் பெரிய நிறுவனங்களுக்கு இருக்கும் நம்பிக்கை புரியும்.

ஆனால் விளம்பரம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. மருந்துப் பிரதிநிதி, பத்திர எழுத்தர், வங்கி வசூல்காரர், கல்லூரிக்குப் பஸ் மாறிப் போகும் ஆசிரியை, இவர்கள் எல்லோருக்கும் மதியம் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை என்பது உண்மை. கை கழுவ இடம் வேண்டாம், சிந்தாது, டப்பாவைத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம். அளவும் தெரியும். இட்லி ஆறா எட்டா என்று எண்ணத் தடுமாறுகிறவருக்கு '220 கலோரி' என்ற எண் ஒரு நிம்மதி. இந்த நிம்மதியை நான் மதிக்கிறேன். கடலை மிட்டாயை உண்டு வளர்ந்த நமக்கு பார் என்ற வடிவமும் அந்நியம் இல்லை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாயும் வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்த பார்தானே. அதை யாரும் மதியச் சாப்பாடு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செட்டிநாட்டுக்கென்றே இன்னொரு வழியிலும் இவை வருகின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் ஒரு துணைப் பெண்ணோடு இருப்பார். "அம்மா சரியா சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்ற கவலையில் பிள்ளைகள் பெட்டி பெட்டியாகப் பார் அனுப்புகிறார்கள். அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புரோட்டீன் பாருக்கு ஒரு குணம் உண்டு: நாளாக ஆக இறுகும். உள்ளே இருக்கும் ஈரம் இடம் மாறுவதும், புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிவதும் காரணம். வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். சித்திரை வெயிலில் ஒரு மாதம் கிடந்த பாரைப் பல்செட் போட்ட 78 வயது ஆச்சி எப்படிக் கடிப்பார்? நான் பார்த்த ஒரு வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் பார் என்று பேச்சு. கடிக்க முடியாமல் பாதியை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தார், ஆறு மாதமாக. 4 கிலோ எடை குறைந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அவருக்கு இரவில் குழைந்த பருப்புச் சாதத்தைத் திரும்பக் கொண்டுவந்து, மென்மையான பார் ஒன்றைப் பாலில் ஊறவைத்து நாலு மணிக்குக் கொடுத்தோம். சாப்பாட்டோடு கூடுதலாக வந்தபோது அதே பார் உதவியது.

எதைத் தள்ளியது

மறுபடி நம்மவரிடம் வருவோம். பார் தொடங்குவதற்கு முன்னால் அவருடைய ஒரு நாளை மணிக்கணக்காக எழுதிப் பார்த்தோம். காலை எட்டு மணிக்கு வீட்டில் இட்லி அல்லது இடியாப்பம், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் கோசமல்லியோ சாம்பாரோ, வாரத்தில் மூன்று நாள் முட்டை. மதியம் டாக்டர்கள் ஓய்வாகும் நேரம்தான் பிரதிநிதிகளுக்கு வேலை நேரம் என்பதால், ஆறில் நான்கு நாள் சாப்பாடு தவறும். மூன்றரை மணிக்குச் சாலையோரம் இரண்டு புரோட்டா, சால்னா. இரவு பத்து மணிக்கு வீடு.

பார் வந்ததும் என்ன நடந்தது? அவருடைய நாளில் ஒழுங்காக இருந்த ஒரே வேளையான காலைச் சாப்பாடு போய்விட்டது. புரோட்டா போகவில்லை. மூன்றரை மணியிலிருந்து இரவு எட்டரைக்கு நகர்ந்தது, இரண்டு மூன்றாகக் கூடியது. மாலைவரை அவர் சாப்பிட்டது 430 கலோரி. ஒரு பாரில் தண்ணீர் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். சோறு, குழம்பு, காய், மோர் என்று சாப்பிடும்போது வயிற்றை நிறைப்பதில் பாதி வேலையைத் தண்ணீரும் காயும் செய்கின்றன. மென்று முடிக்க 15 நிமிடம் ஆகிறது. பார் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஆறு மணிப் பசி அவருடைய மன உறுதிக் குறைவால் வந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று சொன்னபோது அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

அவர் கைபேசியில் வந்திருந்த ஒரு செய்தியையும் காட்டினார்: மாற்று உணவால் சர்க்கரை நோயே போய்விடும் என்று. அதற்குப் பின்னால் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு, 2017-ல் வெளியானது. மாற்று உணவுத் திட்டத்தில் சேர்ந்த 149 பேரில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே சுகர் கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது எல்லா வைட்டமினும் கணக்காகச் சேர்த்த சூப்பும் ஷேக்கும். நாள் முழுக்கவே 825 முதல் 853 கலோரி. மூன்று முதல் ஐந்து மாதம். பயிற்சி பெற்றவர்களின் கண்காணிப்பில், சுகர் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தி. பிறகு சாதாரண உணவைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பையில் இரண்டு பாரைப் போட்டுக்கொண்டு இரவில் புரோட்டா சாப்பிடுவதற்கு அந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

குளுக்கோமீட்டர் வைத்து, மாத்திரை சரியாகப் போட்டுக்கொண்டிருந்த வாரங்களில், நான்கு காலைகளில் சோதித்தார். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தச் சர்க்கரை அளவுகள் (மி.கி./டெ.லி.): பேரீச்சைப் பாருக்கு 196. புரோட்டீன் பார் ஒன்றுக்கு 154. ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னிக்கு 231. இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பருப்புச் சாம்பார், கோசமல்லிக்கு 167. ஒரே ஆள், ஒவ்வொன்றும் ஒரே முறை. இதை வைத்து ஊருக்கெல்லாம் விதி சொல்ல முடியாது. அவருக்குப் புரியவைக்க இது போதுமானதாக இருந்தது. வெறும் ஐந்து இட்லியைவிடப் பார் மேல் என்பதும் இதில் தெரிகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாற்றிய திட்டம்

காலைச் சாப்பாடு வீட்டுக்குத் திரும்பியது, நான்காவதாகச் சோதித்த அந்த வடிவத்தில். பார் மதியம் மூன்றரை மணிக்குப் போனது, அதுவும் சாப்பாடு தவறும் நாட்களில் மட்டும். பாலியால் இல்லாத, நிலக்கடலையும் பாதாமும் பால் புரதமும் சேர்ந்த ஒரு பாரைத் தேடிப் பிடித்தோம். புரதம் 12 கிராம், சர்க்கரை 5 கிராம். அதோடு ஒரு கொய்யா, ஒரு பாக்கெட் மோர். மற்ற நாட்களில் ஆச்சி கட்டிக்கொடுக்கும் டப்பா: கொண்டைக்கடலைச் சுண்டல், இரண்டு அவித்த முட்டை, வெண்டைக்காய் மண்டியோடு ஒரு கரண்டி சோறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-ல் சொன்ன கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம். அவர் உயரத்துக்குத் தகுந்த எடை 65 கிலோ என்று வைத்தால் 54 கிராம். சுண்டலும் முட்டையும் பருப்பும் சேர்ந்து அதை எளிதாக எட்டின.

ஆச்சி ஒரு யோசனை வைத்திருந்தார். "ஆடி பொறந்துருச்சு. கும்மாயம் கிண்டி வில்லையாப் போட்டுக் குடுத்தா அது நம்ம பாருதானே?" நல்ல யோசனை. கும்மாய மாவில் உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி. மூன்றையும் வறுத்துத் திரிப்பது. புரதத்துக்குக் குறைவில்லை. ஆனால் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த பிறகு அது சர்க்கரை நோயாளியின் தினசரி உணவாக இருக்க முடியாது. கருப்பட்டிக்கு இரும்புச்சத்துப் பெருமை இருந்தாலும் சுகரை ஏற்றுவதில் சீனிக்குச் சளைத்ததல்ல. அப்படிச் சொல்ல எனக்கே மனம் இல்லை, எனக்குக் கும்மாயம் அவ்வளவு பிடிக்கும். கடைசியில் ஆச்சியே வழி கண்டுபிடித்தார். அதே மாவை மோரில் கரைத்து, உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தார். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் நாட்களில் அதுதான் இப்போது அவருடைய சாப்பாடு. 40 கிராம் மாவில் 9 கிராம் அளவுக்குப் புரதம்.

அக்டோபரில் எடை 80.5 கிலோ. மூன்று மாத சுகர் 6.8. இடுப்பு 97 செ.மீ. வயிற்றுத் தொந்தரவு இல்லை. பாருக்கான செலவு மாதம் 1,200 ரூபாய்க்குள். இந்த முன்னேற்றத்தை உணவுக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டதும் சேர்ந்துதான் இது. எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இந்த ஒரு நிகழ்வில் வழியில்லை.

தை மாதம்

மார்கழி முடியும்போது மறுபடி வந்தார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கப்போவதாகச் சொன்னார். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பல நாள் நடை, வெறுங்காலோடு. முதலில் டாக்டரிடம் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கச் சொன்னேன். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளி, முள் குத்தியது தெரியாமல் நடந்து விரலை இழந்த கதைகள் எனக்குத் தெரியும். உணர்ச்சி நன்றாக இருந்தது. தினம் இரவு கூட வரும் தம்பி இவருடைய பாதத்தைப் பார்க்க வேண்டும், கொப்புளம் வந்தால் செருப்பு போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஆச்சியும் சொன்னார்.

வழியில் அன்னதானம் உண்டு. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கி, அடுத்த பந்தல் வரும்வரை கையில் ஏதாவது வேண்டும். என்ன எடுத்துப்போகலாம் என்று கேட்டார். அந்தப் பேரீச்சைப் பாரைத்தான் சொன்னேன். காலை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று நான் நிறுத்திய அதே பார். மணிக்கணக்கில் நடக்கிற கால் தசை அந்தச் சர்க்கரையை உடனுக்குடன் எரித்துவிடும். சாக்லேட் பூசியது வேண்டாம், 34 டிகிரியைத் தொட்டாலே கையில் வழியும். ஒரு நாளைக்கு ஒன்று, நடக்கும்போது மட்டும், பாதியாகப் பிட்டு இரண்டு முறை.

திரும்பி வந்ததும் நோட்டைக் காட்டினார். நடைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் 110-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தன. இடது குதிகாலில் ஒரு கொப்புளம், ஆறிவிட்டது. எட்டுப் பார் எடுத்துப்போனதில் மூன்றைக் கூட நடந்த ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டாராம். அடுத்த ரத்தப் பரிசோதனை பங்குனியில். மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுப்பதால் பி12 அளவையும் அப்போது சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டருக்கு எழுதியிருக்கிறேன்.